வசந்தத்துக்கு நாலு மாசம்

சுவரில் ஒட்டியிருந்த பெண்ணுக்குத் திரௌபதியின் முகம் இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. படத்துக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை கால் கடுக்க நின்றவள் அவள்தானே, வேறு யார் முகம் வரும்? பிரச்னை முகத்துக்குக் கீழே இருந்தது. மார்புக்குக் கீழே துணி இறுகி, முன்புறம் மேடாக எழுந்து, ஒரு கை அந்த மேட்டைத் தாங்கிப் பிடித்திருந்தது.

வயிறு.

மரக்காணம் பேருந்து நிறுத்தத்தில், பங்குனி மாதத்துப் பதினொன்றரை மணி வெயிலில், திரௌபதிக்குக் குளிரெடுத்தது.

போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'வசந்தம். ஓவியக் கண்காட்சி. புதுச்சேரி. சனிக்கிழமை மாலை ஐந்து மணி.' அதாவது நாளை.

சுற்றிலும் பார்த்தாள். டீக்கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். காலேஜ் பையன்கள் போனில் மூழ்கியிருந்தார்கள். நகத்தை வைத்து ஓரத்தைக் கிளப்பினாள். பசை இன்னும் ஈரம். ஒரே இழுப்பு. வயிறு மட்டும் கிழிந்து கையோடு வந்தது. முகம் சுவரிலேயே நின்று அவளைப் பார்த்துச் சிரித்தது.

நிமிர்ந்தாள். எதிர்ச் சாரியில் மின்கம்பத்தில் இன்னொன்று. அதற்கப்பால் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் இரண்டு.

எத்தனையைக் கிழிப்பது?

திரௌபதியின் புருஷன் தட்சணாமூர்த்தி செத்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் வயிற்றில் இருப்பதற்கு நாலு மாதம். இந்தக் கணக்கு ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று உப்பு லாரி ஓட்டும் கார்த்திகேசன். மூன்றாவதாக ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது என்பது இந்த நிமிஷம்தான் உறைத்தது.

படம் வரைந்த மார்கரெட்டம்மா.

மாசி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை. இடையஞ்சாவடியில் அந்த அம்மா வீட்டில், கையில் முட்டையும் தலையில் காகிதப் பூவுமாக நின்றுகொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். திரும்பி வந்தபோது அந்த அம்மா எலுமிச்சம்பழத் தண்ணீர் நீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் இப்போது ஈ.சி.ஆர். சாலை முழுக்க ஒட்டிக் கிடக்கிறது.

கார்த்திகேசனுக்குப் போன் போட்டாள்.

"நெல்லூர்ல லோடு எறக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசட்டுமா?"

"என் வயித்தைப் படம் போட்டு ரோடு ரோடா ஒட்டியிருக்காங்க. நீ அப்புறம் பேசு."

"இன்னாது?"

"நீ எப்ப வருவ?"

"ரெண்டு நாள் ஆவும். சித்திரை பொறக்கட்டும், உங்க வூட்ல வந்து பேசறேன்னு சொல்லிக்கிறேன் இல்ல? அதுவரைக்கும் வாயைத் தொறக்காத."

வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. சுவரே பேசிக்கொண்டிருந்தது.

வைத்த மறுவிநாடி போன் அடித்தது. பலராமன். புருஷனின் அண்ணன். உப்பளத்தில் மேஸ்திரி. அவள் வேலைக்குப் போவதும் அவர் சொல்லித்தான், தங்கியிருப்பதும் அவர் வீட்டில்தான்.

"எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாப்புல, மாமா."

"அங்கியே நில்லு. நவுராத."

நகர்ந்து எங்கே போவது? மகள் நிவேதா அனுமந்தைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். தட்சணாமூர்த்திக்குக் காரியம் முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் கூடியிருந்த பந்தலில் பலராமன் சொன்ன வார்த்தை திரௌபதிக்கு மறக்கவில்லை. "இருக்கற வரைக்கும் இரும்மா. கஞ்சியோ கூழோ சேந்து குடிப்போம். ஆனா தடம் மாறினா நீ போயிடணும். புள்ள இங்கதான் இருக்கும்." எல்லோரும் தலையாட்டினார்கள். அழுது வீங்கிய முகத்தோடு அவளும் ஆட்டித் தொலைத்தாள்.

பத்தே நிமிஷத்தில் உள்ளூர்க்காரன் அப்பாதுரையின் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் பலராமன். பக்கத்தில் அவர் மனைவி பாஞ்சாலை, மடியில் ஒரு மஞ்சள் பையோடு. பாஞ்சாலை நகர்ந்து இடம் விட்டாள். அவ்வளவுதான்.

ஆட்டோ தெற்கே திரும்பியது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன.

"மாமா…"

பலராமன் போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். வாட்ஸ்அப். அதே படம். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

"உப்பள க்ரூப்பு. நூத்தி நாப்பது பேரு. காலையில எட்டு மணிக்கு எவனோ போட்டிருக்கான். 'மேஸ்திரி வூட்ல விசேஷமா'ன்னு கேக்கறான் ஒருத்தன். இன்னா பதில் சொல்லட்டும்?"

"அந்தம்மா அவங்களா வரைஞ்சது மாமா. எனக்குத் தெரியாது."

"உப்பு வாரற மாதிரிதான வரையறாங்கன்னு நெனச்சு நான் அனுப்பி வெச்சேன்? என்னைச் செருப்பால அடிக்கணும்."

முன்னால் இருந்து அப்பாதுரை வாயை வைத்தான். "வயிறு கெடக்கட்டும் மேஸ்திரி. கையில முட்டை இருக்குது பாத்தியா? முட்டைன்னா இன்னா? கழிப்பு கழிக்கறது. யாருக்கோ செய்வினை வெச்சுட்டாங்க."

"ரோட்டைப் பாத்து ஓட்டுறா."

"பின்னாடி மரம் பட்டுப் போயிருக்குது. ஒத்த இலை கெடையாது. ஆனா பூ பூத்திருக்குது. பட்ட மரத்துல பூவுன்னா, தாலியறுத்தவ தலையில பூவுன்னுதான அர்த்தம்? அந்த வெள்ளைக்காரிக்கு எவனோ நம்ம ஊர் விஷயத்தைப் புட்டுப் புட்டு வெச்சிருக்கான்."

பாஞ்சாலை முதல்முறையாக வாயைத் திறந்தாள். "காலடியில முயல் வேற."

"முயலுக்கு நான் விளக்கம் சொல்லுவேன். நீ இருக்கிறியேன்னு பாக்கறேன்க்கா."

திரௌபதி வெளியே பார்த்தாள். இடையஞ்சாவடிக்குத்தான் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அந்த அம்மாவைக் கேட்கப் போகிறார்கள். அந்த அம்மா பொய் சொல்லத் தெரியாதவள். 'ஆமாம், வாந்தி எடுத்தாங்க' என்று வெள்ளையாகச் சொல்லிவிடுவாள். அதோடு முடிந்தது.

அனுமந்தையில் ஆட்டோ திடீரென்று பள்ளிக்கூட வாசலில் நின்றது. பலராமன் இறங்கி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் நிவேதா, முதுகில் பை, வாயில் மிச்சச் சத்துணவு.

"அவ எதுக்கு மாமா?" என்றாள் திரௌபதி.

பலராமன் பிள்ளையை ஏற்றிவிட்டார். நிவேதா ஏறியதும் நேராகப் பெரியம்மா மடிக்குத்தான் போனாள். விடிவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போகிறவளுக்குப் பிள்ளையைத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்புவது பாஞ்சாலைதான். பாஞ்சாலைக்குப் பிள்ளை இல்லை.

"அம்மா, டூர் போறமா?"

"ஆமாம்மா," என்றான் அப்பாதுரை, கியரை மாற்றியபடி.

மார்கரெட்டம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பன்னிரண்டு வருஷமாக இடையஞ்சாவடியில் குடியிருக்கிறாள். பெயின்ட் படிந்த லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"திரௌபதி! குடும்பம் எல்லாம் வந்திருக்கீங்க! சந்தோஷம்! நாளைக்கு வர்றீங்களா எல்லாரும்?"

"நாளைக்கு இருக்கட்டும்," என்றார் பலராமன். "எங்க வூட்டுப் பொண்ணை எதுக்கும்மா இப்படிப் போட்டீங்க?"

"எப்படி?"

அவர் சுவரைக் காட்டினார். அங்கே நிஜப் படம் ஆளுயரத்துக்கு நின்றது. போஸ்டரைவிட வயிறு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. திரௌபதி முந்தானையை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டாள்.

அந்த அம்மா ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தே விட்டாள்.

"ஐயோ! இது திரௌபதி இல்லை! இது வசந்தம்!"

"வசந்தம்னா?"

"கல்யாணப் பத்திரிகையில போடுவாங்களே, அதான மேடம்?" என்றான் அப்பாதுரை.

மார்கரெட்டம்மா அலமாரியிலிருந்து தலையணை கனத்துக்கு நாலு புத்தகங்களை இழுத்துப் போட்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாம் படங்கள். ஐந்நூறு வருஷம், நானூறு வருஷம் பழையவை. பூவை மடியில் வாரி வைத்திருக்கும் பெண்கள், பூவை இறைக்கும் பெண்கள், ஆட்டுக்குட்டி, பறவைக்கூடு.

"எங்க ஊர்ல ஆறு மாசம் பனி. மண் செத்துப் போயிடும். மரத்துல இலை இல்லை, வானத்துல பறவை இல்லை. எல்லாரும் கதவு மூடி உள்ள இருப்பாங்க. அப்புறம் ஒரு நாள் வெயில் வரும். அதுதான் வசந்தம். அதை எப்படி வரையறது? வெயிலை வரைய முடியாது. அதனால ஒரு பெண்ணா வரைஞ்சாங்க. இந்த மரம் பட்ட மரம் இல்லை. பாதாம் மரம். அதுக்குப் பூ முதல்ல வரும், இலை பிறகு வரும்."

பலராமன் அப்பாதுரையை முறைத்தார். அப்பாதுரை கூரையைப் பார்த்தான்.

"இந்தக் குருவி, வாலு கத்தரிக்கோல் மாதிரி. இது பனிக்காலத்துல தூரமா போயிடும். திரும்பி வந்தா வசந்தம் வந்தாச்சு."

"இது நம்ம ஒயர்ல உக்காருதே, அந்தக் குருவிதான?" பாஞ்சாலை கிட்டே வந்து பார்த்தாள். "எங்க ஊர்ல இது கெளம்பிப் போனாத்தான் வெயில் வந்துச்சுன்னு அர்த்தம். போன வாரம்தான் போச்சு."

"ஆமாம்! அதே குருவி! இங்க கிளம்பி அங்க வரும்!" அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முயல், நிறைய குட்டி போடும். அதனால முயல். முட்டை, அது உயிர். உள்ள இருக்குது, வெளிய தெரியாது. காத்திருக்குது."

திரௌபதியின் அடிவயிற்றில் ஏதோ புரண்டது. பயமா, அதுவா என்று தெரியவில்லை.

"வயிறு?" பலராமன் கேட்டார்.

மார்கரெட்டம்மா அடுத்த புத்தகத்தைத் திறந்தாள்.

"வயிறும் அப்படித்தான். பூமி விதையைச் சுமக்குது. பாருங்க இந்தப் படம். இது. இதுவும்." புத்தகத்தில் ஒருத்தி பாக்கியில்லை. எல்லாருக்கும் பாவாடைக்குள் மேடு.

"இவளுங்களுக்கெல்லாம் புருஷன் யாரு?" என்றாள் பாஞ்சாலை.

"புருஷன்? பழைய கதையில காத்து. மேற்குக் காத்து."

"நல்ல குடும்பம்," என்றான் அப்பாதுரை. "காத்து மேல யாரு கேஸ் போடறது?"

பலராமன் சிரிக்கவில்லை. மேஸ்திரி மூளை. பேச்சை நம்பாது, அளந்து பார்க்கும். "அதெல்லாம் சரிம்மா. இவளைப் பாத்துட்டு வயித்தை வரைஞ்சீங்களா, வயித்தை வரைஞ்சுட்டு இவளைப் பாத்தீங்களா?"

எலுமிச்சம்பழத் தண்ணீர். இதோ வரப்போகிறது.

மார்கரெட்டம்மா ஒரு பெரிய நோட்டை எடுத்து வந்தாள். பென்சில் கோட்டில் ஒரு உருவம். முகம் வெறுமையாக இருந்தது. மரம் இருந்தது, குருவி இருந்தது, வயிறு இருந்தது. ஓரத்தில் தேதி.

"ஜனவரி பன்னிரண்டு. பொங்கலுக்கு முன்னாடி. அப்ப எனக்குத் திரௌபதியைத் தெரியாது. முகம்தான் கிடைக்காம இருந்தேன். பிறகு உப்பளத்துல பார்த்தேன்."

பலராமன் தேதியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். நோட்டை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவர் தோள் இறங்கியது.

அப்படியானால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தலையாட்டினது வெறும் தலையாட்டல். தப்பித்தாயிற்று. இரண்டு நாள். கார்த்திகேசன் வரட்டும். அவன் வந்து பேசினால் முறைப்படி பிள்ளையோடு கிளம்பிவிடலாம்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் பலராமன். அவர் கண் கலங்கியிருந்தது. "காலையிலேர்ந்து என் தம்பி மூஞ்சியே முன்னாடி நிக்குது. நீ அப்படிப்பட்டவ இல்லன்னு இவகிட்ட சொல்லிக்கினேதான் வந்தேன்."

பாஞ்சாலை ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"சரி, முடிச்சுடலாம்," என்று அவர் மஞ்சள் பையை வாங்கினார். உள்ளிருந்து ஒரு தட்டும் கற்பூர டப்பாவும் வந்தன.

திரௌபதிக்கு அப்போதுதான் பிள்ளையைக் கூட்டி வந்தது எதற்கு என்று புரிந்தது.

"புள்ள தலையில கைய வெச்சு, கற்பூரத்தை அணைச்சு ஒரே ஒரு சத்தியம். அப்பாதுரை வீடியோ எடுப்பான். க்ரூப்புல போட்டுடறேன். அப்புறம் எவனாவது பேசினா பல்லைத் தட்டி கையில குடுத்துடறேன்."

"நெருப்பு வேண்டாம்!" மார்கரெட்டம்மா குறுக்கே பாய்ந்தாள். "டர்பன்டைன் இருக்கு இங்க! வீடு போயிடும்!"

"வெளிய வெச்சுக்கறோம்."

வெளியே முந்திரி மர நிழல். நிவேதாவை நடுவில் நிறுத்தினார்கள். பாஞ்சாலை தட்டைப் பிடித்தாள். பலராமன் தீக்குச்சியைக் கிழித்தார். அப்பாதுரை போனைத் தூக்கினான். நிவேதா சுடரைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

"பயப்படாத கண்ணு. சொல்லும்மா."

பொய்ச் சத்தியம் கைவைத்த தலையில் இறங்கும். அது திரௌபதிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலில் வெடிப்போடு பாத்தியில் இறங்கினால் உப்பு எரிக்கும் என்பது எவ்வளவு நிச்சயமோ, இதுவும் அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

மூளை பறந்தது. ஒரு வழி இருந்தது. பொய் இல்லாத ஒரு வரி.

மகள் உச்சந்தலையில் கையை வைத்தாள். "அந்தப் படத்துல வரைஞ்சிருக்கிற வயிறு என்னுது இல்ல. இது சத்தியம்."

கற்பூரத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

"இரு, இரு," என்றார் பலராமன். "படத்தைப் பத்தி யாரு கேட்டா? அதான் அந்தம்மாவே சொல்லிட்டாங்களே. என் தம்பி போனதுக்கப்புறம் வேற ஆம்பள நெனப்பு இல்ல, வயித்துல ஒண்ணும் இல்லன்னு சொல்லு. நேரா சொல்லு."

சுடர் ஆடியது. கற்பூரம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

"சொல்லும்மா."

நிவேதாவின் தலை சூடாக இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. காலையில் பாஞ்சாலை வாரிவிட்ட வகிடு கோடு மாதிரி நேராக இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் பிள்ளை அவளோடு இருக்கும். சொன்னால் பிள்ளை இருக்குமா?

திரௌபதி கையை எடுத்துவிட்டாள்.

"முடியாது மாமா."

"இன்னா முடியாது?"

"இவ தலையில கைய வெச்சு முடியாது. இருக்குது. நாலு மாசம்."

அப்பாதுரை போனை இறக்க மறந்து நின்றான். கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. மார்கரெட்டம்மா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எவன்?" பலராமனின் குரல் தாழ்ந்து வந்தது. கத்தியிருந்தால் தேவலை.

"கார்த்திகேசன். கட்டிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. சித்திரையில உங்ககிட்ட வந்து பேசறதா இருந்துச்சு."

"லாரிக்காரன்." அவர் தலையாட்டினார், ஏதோ கணக்கு சரியாக வந்ததைப் போல. "சரி. நீ போ. பந்தல்ல பேசினது ஞாபகம் இருக்குதில்ல? புள்ள எங்க வூட்டுப் புள்ள."

"நான் பெத்த புள்ள மாமா."

"என் தம்பி புள்ள!"

அந்தச் சத்தத்தில் நிவேதா பதறினாள். பதறி ஓடினாள். அம்மாவிடம் இல்லை. பாஞ்சாலையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சேலையில் முகத்தைப் புதைத்தாள்.

திரௌபதி இரண்டு கையையும் நீட்டினாள். "நிவே. வாடா கண்ணு." "அம்மாகிட்ட வா."

பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை.

"பாத்தியா?" என்றார் பலராமன். "அதுவே சொல்லிடுச்சு. அப்பாதுரை, வண்டியை எடு. பாஞ்சால, ஏறு."

பாஞ்சாலை அசையவில்லை. ஒரு கையில் இன்னும் அந்தத் தட்டு. இன்னொரு கை பிள்ளையின் முதுகில். எட்டு வருஷமாகக் கோயில் கோயிலாக அவள் கேட்டது இப்போது இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் போதும். யாரும் தடுக்கப் போவதில்லை.

அவள் திரௌபதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஒத்த வார்த்தைதான. சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? ரெண்டு மாசம் தள்ளியிருக்கும்."

"இவளுக்கு ஏதாவது ஆயிட்டா, அக்கா?"

பாஞ்சாலை தட்டைக் கீழே வைத்தாள். குனிந்து, இடுப்பைச் சுற்றியிருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிள்ளை திமிறியது. விடவில்லை. இழுத்துக்கொண்டு வந்து திரௌபதியின் கைக்குள் திணித்தாள்.

"போடி. உங்கம்மாகிட்ட போ."

"பாஞ்சால!" ஆட்டோவிலிருந்து பலராமன் கத்தினார். "உனக்குப் பைத்தியமா?"

"ஆமா, பைத்தியம்தான். கொஞ்சம் சும்மா இருய்யா." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகப் பையை எடுத்து திரௌபதியின் தோளில் மாட்டினாள். "ஞாயித்துக்கிழமை பஞ்சாயத்து கூட்டுவாரு. நீ வராத. அவன் வந்தா அவனை அனுப்பு. வரலைன்னா அப்பவும் நீ வராத."

"அக்கா…"

"பேசாத. பேசினா நான் புள்ளையைத் தூக்கிக்கினு போயிடுவேன்." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டடி நடந்தவள் நின்றாள். "அதுக்குத் தனியா படுத்தா தூக்கம் வராது. காதைப் புடிச்சுக்கினே தூங்கும். கையைத் தட்டி விட்டுடாத."

பாஞ்சாலை ஏறியதும் ஆட்டோ கிளம்பியது. நிவேதா செம்மண் பாதையில் அதன் பின்னால் ஓடப் பார்த்தாள். திரௌபதி அவளை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கத்தியது, கையைக் கடித்தது, பெரியம்மா பெரியம்மா என்று அழுதது. அவள் பிடியை விடவில்லை.